வெயிலை எப்படி எண்ணுவது?

ஆடி மாதத்தில் கோயம்புத்தூரின் வானம் ஒரு விதமாக இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று விடாமல் வீசும். காலையிலிருந்து மாலைவரை மேகம் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடக்கும். ஆனால் மழைமானியில் பல நாட்கள் ஒன்றும் சேராது. சேர்ந்தாலும் தூறல் அளவுதான். வடாம் பிழிந்து மொட்டை மாடியில் வைத்தவர்கள் அது காய்வதற்குள் இரண்டு மூன்று நாள் எடுத்து வைத்து எடுத்து வைத்துச் சலித்துப்போவார்கள். ஐப்பசியில் சென்னையில் இதற்கு நேர்மாறாக நடக்கும். நள்ளிரவுக்குப் பிறகு மேகங்கள் கடலிலிருந்து கரையேறி விடியும்வரை கொட்டித் தீர்க்கும். காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் இருக்கும். பத்து மணிக்குள் வானம் வெளுத்துவிடும். மதியம் கொடியில் போட்ட துணி மாலைக்குள் காய்ந்துவிடும்.

இந்த இரண்டில் எது வெயில் நாள்? மழைமானியைக் கேட்டால் கோயம்புத்தூரின் நாள் வறண்ட நாள், சென்னையின் நாள் மழை நாள். துணி காயப்போட்டவரைக் கேட்டால் பதில் தலைகீழாக வரும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் மழை பெய்தால் அது ‘மழை நாள்’. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை ஒரு நாள். இந்த வரையறை தெளிவானது. யார் எங்கே அளந்தாலும் ஒரே பொருள் தரும். வெயில் நாளுக்கு இப்படி எல்லோரும் ஏற்ற வரையறை கிடையாது. அதனால் பலர் எளிய வழி ஒன்றைப் பிடிக்கிறார்கள். 365 நாளிலிருந்து மழை நாட்களைக் கழித்து, மிச்சமெல்லாம் வெயில் நாள் என்று வைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டின் எந்தச் சமவெளி ஊருக்கும் இப்படிக் கழித்தால் 300 அல்லது அதையொட்டிய எண் வந்துவிடும். கூரைச் சூரியத் தகடு விற்பவர்களின் துண்டறிக்கைகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் ‘ஆண்டுக்கு 300 நாள் வெயில்’ என்ற வரி எந்த விளக்கமும் இல்லாமல் வருவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த எண் தவறென்று சொல்ல வரவில்லை. எதை எண்ணினார்கள் என்று சொல்லாதவரை அது சரியா தவறா என்று சொல்லவே முடியாது என்பதுதான் சிக்கல்.

வரையறை மாறினால் எண் எவ்வளவு மாறும்? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் இதற்கு நல்ல சான்று. அங்கே வெளிவந்த ‘ஈவினிங் இண்டிபெண்டன்ட்’ என்ற மாலை நாளிதழின் வெளியீட்டாளர் லூ பிரவுன் 1910இல் ஓர் அறிவிப்பு செய்தார். நாளிதழ் அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் நகரத்தில் சூரியன் தலைகாட்டாவிட்டால் அன்றைய நாளிதழ் இலவசம். 1986இல் நாளிதழ் நின்றுபோகும்வரை, அந்த 76 ஆண்டுகளில், 300 முறைக்கும் குறைவாகவே இலவசமாகக் கொடுக்க நேர்ந்தது. சராசரியாக ஆண்டுக்கு நான்கு முறை. அந்தக் கணக்கில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு ஆண்டில் சுமார் 360 வெயில் நாட்கள். 1967 பிப்ரவரி 9 முதல் 1969 மார்ச் 17 வரை ஒரு நாள்கூட விடாமல் 768 நாட்கள் அங்கே சூரியன் தெரிந்தது கின்னஸ் சாதனையாகவும் பதிவாகியிருக்கிறது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அமைந்திருக்கும் விரிகுடாவின் மறுகரையில் டாம்பா நகரம் இருக்கிறது. அங்கிருந்த அமெரிக்க வானிலை நிலையம் பகல் முழுவதும் வானத்தைப் பார்த்து, பத்தில் மூன்று பங்குக்கு மேல் மேகம் மூடாத நாளை மட்டும் ‘தெளிவான நாள்’ என்று எழுதிக்கொண்டது. அந்தக் கணக்கில் டாம்பாவுக்கு ஆண்டில் சுமார் 100 தெளிவான நாட்கள்தான். மேகத்தை விட்டுவிட்டு, பகல் நேரத்தில் எத்தனை பங்கு சூரியன் உண்மையில் காய்ந்தது என்று கருவியால் அளந்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வந்தது. ஒரே விரிகுடா, ஒரே சூரியன். 360 என்றாலும் உண்மை, 100 என்றாலும் உண்மை. ஜெர்மனியின் வானிலைத் துறை இன்னும் கண்டிப்பானது. நாளின் சராசரி மேக அளவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அங்கே அது தெளிந்த நாள்.

தேர்வில் 35 எடுத்தால் தேர்ச்சி என்று வைத்து, தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் எண்ணினால் வகுப்பில் யார் 36, யார் 98 என்பது மறைந்துவிடும்; எல்லையை 60ஆக உயர்த்தினால் அதே வகுப்பின் தேர்ச்சி பாதியாகிவிடும். வெயில் நாள் எண்ணிக்கையும் அப்படிப்பட்டதுதான். ஆகவே வானிலையாளர்கள் நாளை எண்ணுவதற்கு முன் நேரத்தை அளக்கிறார்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று தெரிந்துவிட்டால், அதன்மேல் எந்த எல்லையை வைத்து வேண்டுமானாலும் நாட்களைப் பிரித்துக்கொள்ளலாம். இந்த அளவை இங்கே ‘வெயில் நேரம்’ என்று குறிப்பிடுகிறேன்.

வானத்தைக் கண்ணால் பார்த்து மேகத்தை எண்ணும் முறைதான் பழையது. இன்றும் நடைமுறையில் இருப்பது. பார்வையாளர் திறந்த வெளியில் நின்று, வானம் முழுவதையும் எட்டுப் பங்காக மனத்தில் பிரித்து, அதில் எத்தனை பங்கு மேகம் என்று மதிப்பிடுவார். ஒவ்வொரு பங்கும் ஓர் ஆக்டா, நம் பழைய கணக்கில் அரைக்கால். பூஜ்யம் என்றால் துடைத்துவிட்ட வானம். எட்டு என்றால் ஊசி முனையளவும் நீலம் இல்லை. ‘வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்’ என்று செய்தியில் கேட்கிறோமே, அந்தச் சொற்றொடர்களுக்குப் பின்னால் இருப்பது இந்த எண்கள்தான்.

இதில் குறைகள் உண்டு. தலைக்கு மேலே உள்ள மேகத்தின் அடிப்பாகம் மட்டும் நமக்குத் தெரிகிறது. தொடுவானத்தை நோக்கிப் போகப்போக மேகங்களின் பக்கவாட்டும் சேர்ந்து தெரிவதால் அவை ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதாகத் தோன்றும். அதனால் பஞ்சுப் பொதி மேகங்கள் உள்ள நாளில் பார்வையாளர் மேகத்தைக் கூட்டியே மதிப்பிடுகிறார். மிக உயரத்தில் பரவும் மெல்லிய கீற்று மேகத்துக்குள் சூரியன் தாராளமாக ஊடுருவும், நம் நிழலும் தரையில் விழும். ஆனால் மேகக் கணக்கில் அது முழு மேகம். 1990களில் அமெரிக்க நிலையங்களில் மனிதப் பார்வையாளர்களுக்குப் பதிலாகத் தானியங்கிக் கருவிகள் வந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. லேசர் கதிரை நேர் மேலே அனுப்பி மேகத்தைத் தேடும் அந்தக் கருவிகள் 12,000 அடிக்கு மேல் இருந்த மேகங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. நூறாண்டுக் காலம் தொடர்ந்து வந்த தெளிவான நாள் கணக்கு அங்கே அறுந்துபோனது. புதிய எண்ணைப் பழைய எண்ணோடு ஒப்பிட்டால், கருவியில் நேர்ந்த மாற்றத்தை வானத்தில் நேர்ந்த மாற்றமென்று நினைத்துவிடுவோம்.

மேகத்தை விட்டுச் சூரியனையே அளக்கலாம் என்று முதலில் துணிந்தவர்களில் ஒருவர் ஜான் பிரான்சிஸ் கேம்பல். ஸ்காட்லாந்துக்காரர். மேற்கு மலைநாட்டு மக்களின் வாய்மொழிக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தவர் என்றுதான் அவரைப் பெரும்பாலும் அறிவார்கள். 1853இல் அவர் ஒரு மரக் கிண்ணத்துக்குள் நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை வைத்தார். பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கருக்கும் விளையாட்டை நாம் எல்லோரும் சிறுவயதில் செய்திருக்கிறோம். கோளமும் அதையே செய்கிறது. ஆனால் அது எல்லாப் பக்கமும் வில்லையாக இருப்பதால் சூரியனை நோக்கித் திருப்பவே தேவையில்லை. சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே நகர, குவிந்த ஒளிப்புள்ளி கிண்ணத்தில் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து மரத்தைச் சுட்டுக்கொண்டே போகும். மேகம் மறைத்தால் சூடு நின்றுவிடும். அரையாண்டு விட்டுவைத்தால், சூரியன் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு நகர்ந்த பாதை முழுவதும் மரத்தில் கருகிய வடுவாகப் பதிந்துவிடும்.

அந்த மரக் கிண்ணங்களை இன்று படங்களில் பார்த்தாலும் மனம் வியக்கிறது. ஆனால் வடுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுவதால் எந்த நாள் எத்தனை மணி நேரம் என்று அவற்றிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1879இல் இதைத் தீர்த்தார். மரக் கிண்ணத்துக்குப் பதில் உலோகச் சட்டம். அதில் மூன்று வகை அட்டைகளைச் செருகக் காடிகள். அட்டையில் மணிக் கோடுகள். கோடையில் நீண்ட வளைந்த அட்டை, குளிர்காலத்தில் குட்டையான வளைந்த அட்டை, இரவும் பகலும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் மாதங்களில் நேரான அட்டை. கோளமும் முழுக்கண்ணாடியானது, சுமார் பத்து சென்டிமீட்டர் குறுக்களவில். கேம்பல்-ஸ்டோக்ஸ் பதிவி என்று பெயர் பெற்ற இக்கருவி ஏறத்தாழ அதே வடிவில் இன்றும் வேலை செய்கிறது. நம் நாட்டின் வானிலை நிலையங்களிலும் வேளாண் ஆய்வுப் பண்ணைகளிலும் இதைப் பார்க்கலாம். மின்சாரம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம். வானத்தில் சூரியன் நகர்வதே கடிகாரம்.

கருவி எளிமையானது, படிப்பது அப்படியல்ல. பார்வையாளர் ஒவ்வொரு நாளும் சூரியன் மறைந்த பிறகு அட்டையை எடுத்து, தேதி எழுதிப் புதிய அட்டை வைக்க வேண்டும். சுட்ட கோட்டின் நீளத்தை ஒரு மணியில் பத்தில் ஒரு பங்குவரை அளக்க வேண்டும். மேகம் விட்டுவிட்டு மறைக்கும் நாளில்தான் தொல்லை. அரை நிமிடம் வெயில் அடித்தாலே அட்டையில் வட்டமாக ஒரு பொத்தல் விழும். அந்தப் பொத்தலின் அகலத்தை அப்படியே அளந்தால் சில நிமிட வெயிலாகத் தோன்றும். அதனால் இரண்டு மூன்று தனிப் பொத்தல்களைச் சேர்த்துத்தான் பத்தில் ஒரு மணி, நான்கு முதல் ஆறு பொத்தல்கள் பத்தில் இரண்டு மணி என்று விதி வகுத்திருக்கிறார்கள். ஒரே அட்டையை அனுபவம் உள்ளவரும் புதியவரும் படித்தால் விடை வேறுபடும். காலையில் கோளத்தின்மேல் பனி படிந்திருந்தால் முதல் அரைமணி வெயில் பதிவாகாது. இரவு மழையில் அட்டை நனைந்திருந்தால் அது காய்ந்த பிறகுதான் கருகும்.

ஆகவே அட்டை எவ்வளவு வெயிலில் கருகத் தொடங்குகிறது என்பதை ஒரே எண்ணால் சொல்லிவிட முடியவில்லை. உலக வானிலை அமைப்பு 1962இல் குறிப்பிட்ட ஒரு பிரிட்டிஷ் கருவியையும் குறிப்பிட்ட பிரெஞ்சு அட்டையையும் இணைத்து, மற்றக் கருவிகளெல்லாம் இதோடு ஒத்துப்போக வேண்டும் என்று முடிவு செய்தது. பிறகு அந்தக் கருவியின் பக்கத்தில், சூரியனிலிருந்து நேராக வரும் ஒளியை அளக்கும் நேர்க்கதிர்மானி ஒன்றை வைத்துப் பல நாடுகளில் சோதித்தார்கள். ஈரப்பதத்தையும் தூசியையும் பொறுத்து, சதுர மீட்டருக்கு 70 வாட் முதல் 280 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் அட்டை கருகத் தொடங்கியது. சராசரி 120 வாட் அளவில் வந்தது. 1981இல் அந்த 120 வாட்டையே உலகம் முழுவதற்கும் எல்லையாகப் பரிந்துரைத்தார்கள். இன்று வெயில் நேரம் என்றால், சூரியனின் நேர்க்கதிர் சதுர மீட்டருக்கு 120 வாட்டுக்கு மேல் இருந்த நேரங்களின் கூட்டுத்தொகை.

இதில் ‘நேர்க்கதிர்’ என்ற சொல்தான் முக்கியம். சூரியனிலிருந்து வரும் ஒளி நம்மை இரண்டு வழியில் அடைகிறது. சூரிய வட்டிலிலிருந்து நேராக வருவது ஒன்று. காற்று, தூசி, மேகம் ஆகியவற்றில் பட்டுச் சிதறி வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வருவது மற்றொன்று, அது சிதறொளி. வளிமண்டலத்துக்கு வெளியே சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட் வருகிறது. தெளிந்த வானத்தில் உச்சிப் பொழுதில் அதில் 900, 1,000 வாட் நேர்க்கதிராகத் தரையைத் தொடும். கனத்த மேகம் வந்தால் நேர்க்கதிர் பூஜ்யமாகிவிடும். ஆனால் சிதறொளி இருப்பதால்தான் பகல் பகலாகவே இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறிய உங்களிடமே ஒரு கருவி இருக்கிறது, உங்கள் நிழல். சிதறொளி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் நிழல் உண்டாக்காது. நேர்க்கதிர் மட்டுமே உண்டாக்கும். ஏறத்தாழ அந்த 120 வாட் அளவில்தான் பொருள்களுக்குப் பின்னே நிழல் தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. நிழல் விழுந்தால் வெயில். உலக வானிலை அமைப்பின் வழிகாட்டி நூலே வெயில் என்ற கருத்தை நிழல் தோன்றுவதோடு சேர்த்துத்தான் விளக்குகிறது.

இப்போதைய மின்னணுப் பதிவிகளும் இதே நுட்பத்தில்தான் இயங்குகின்றன. ஓர் ஒளியுணரி வானம் முழுவதையும் பார்க்கும்; மற்றவை வானத்தின் சில பகுதிகளை மட்டும் பார்க்கும். இவற்றுக்கு இடையிலான வேறுபாட்டிலிருந்து நேர்க்கதிர் எவ்வளவு என்று கணிக்கப்படுகிறது. அட்டையிலிருந்து இதற்கு மாறும் நிலையங்கள் சில ஆண்டுகளாவது இரண்டையும் பக்கத்தில் வைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அமெரிக்க மேகக் கணக்குக்கு நேர்ந்ததே இங்கும் நேரும்.

வெயில் நேரத்தை ஊருக்கு ஊர் ஒப்பிட இன்னொரு திருத்தம் தேவை. ஆண்டு முழுவதையும் கூட்டினால் பூமியின் எல்லா ஊர்களுக்கும் பகல் ஏறத்தாழ ஒரே அளவுதான், சுமார் 4,400 மணி. அது மாதங்களுக்குள் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. லண்டனில் ஜூனில் பகல் 16 மணிக்கு மேல், டிசம்பரில் 8 மணிக்கும் குறைவு. சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணிதான் வேறுபாடு. ஆகவே ‘எட்டு மணி வெயில்’ என்பது சென்னையில் மார்கழியில் பகலின் பெரும்பகுதி, லண்டனில் ஜூனில் பாதி. அதனால் வானிலையாளர்கள் இருக்கக்கூடிய பகலில் எத்தனை சதவீதம் வெயில் என்று கணக்கிடுகிறார்கள். அரிசோனாவின் யூமா நகரம் ஆண்டுக்கு 4,000 மணிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 90 சதவீதம் பெற்று முன்னணியில் நிற்கிறது. தமிழ்நாட்டில் மாசியும் பங்குனியும் தாராளம். ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவத்தின் மேகப் போர்வை மழை தராமலே சதவீதத்தை இறக்கிவிடுகிறது.

கருகிய அட்டை இன்னொரு வகையிலும் பயன்பட்டது. 1924இல் ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரம் ஒரு தொடர்பைக் காட்டினார். வெயில் நேரச் சதவீதம் தெரிந்தால் அன்று தரைக்கு வந்த மொத்தச் சூரிய ஆற்றலையும் நம்பத்தகுந்த அளவில் கணிக்கலாம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998இல் பயிர் நீர்த்தேவை பற்றி வெளியிட்ட கையேட்டில், உள்ளூர் அளவீடு இல்லாத இடங்களுக்கு இதை எளிய விகிதமாகத் தந்திருக்கிறது. நாள் முழுவதும் நிழலே விழாவிட்டாலும் வளிமண்டலத்தின் உச்சிக்கு வந்த ஆற்றலில் சுமார் கால் பங்கு தரைக்கு வந்துசேரும். நாள் முழுவதும் நிழல் விழுந்தால் சுமார் முக்கால் பங்கு. கூரைச் சூரியத் தகடு போட்டவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. மேகமூட்டமான ஆடி நாளில் மின் உற்பத்தி குறையும், நின்றுவிடாது. வாங்கும்போது கேட்க வேண்டியது வெயில் நாட்களின் எண்ணிக்கையை அல்ல. உங்கள் ஊரில் சதுர மீட்டருக்கு ஆண்டில் எத்தனை யூனிட் சூரிய ஆற்றல் விழுகிறது என்பதை. அதை அளப்பது, கண்ணாடிக் கவிகைக்குள் கறுப்புத் தகடு வைத்து அது சூடாவதைக் கணிக்கும் கதிர்வீச்சுமானி. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் 2011 முதல் நாடெங்கும் இத்தகைய அளவீட்டு நிலையங்களை அமைத்தது.

நெல்லுக்கும் இது பொருந்தும். பூத்து மணி பிடிக்கும் வாரங்களில் கிடைக்கும் சூரிய ஆற்றல் விளைச்சலை நேரடியாகப் பாதிக்கிறது. நீரும் உரமும் ஒன்றாக இருந்தாலும் மேகமூட்டப் பருவத்தைவிட வெயில் பருவத்தில் விளைச்சல் கூடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். தூத்துக்குடி உப்பளத்துக்கு வெயில் மட்டும் போதாது. வறண்ட காற்றும் வேண்டும். பருவம் தவறிய ஒரே ஒரு மழை பாத்தியில் விளைந்த உப்பைக் கரைத்துவிடும் என்பதால் உப்பளக்காரர்களுக்கு வெயில் நாளைவிட மழை நாள் கணக்கே உயிர். வடாம் போடுகிறவருக்குக் காலை பத்து முதல் மூன்று வரை இடைவிடாத வெயில் தேவை. மாலையில் மழை வந்தாலும் எடுத்து வைத்துவிடலாம். இவர்கள் எல்லோருக்கும் ஒரே வெயில் நாள் எண்ணிக்கையைக் கொடுத்தால் அது யாருக்கும் உதவாது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைத் தொடர்ந்து படம் பிடித்துவருகிறார்கள். சூரியப் புள்ளிகளை ஆராய எடுத்த படங்கள் அவை. ஆனால் வானம் இடம் கொடுத்த நாளில்தான் படம் எடுக்க முடியும். ஆகவே அந்தச் சேகரத்தில் படம் உள்ள நாட்களும் இல்லாத நாட்களும் சேர்ந்து பழனி மலை வானத்தைப் பற்றியும் ஏதோ சொல்கின்றன. பெரும்பாலான படங்கள் காலையில் எடுக்கப்பட்டவை. மலையில் காலை தெளிவாக இருக்கும்; பொழுது ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று மேலெழும்பி மதியத்துக்குள் மேகம் கட்டிவிடும். காலை எட்டு மணிக்கு மட்டும் பார்த்துக் கொடைக்கானலின் வெயிலை எண்ணினால் அது உண்மையைவிட மிக உயர்ந்த எண்ணைத் தரும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

நீண்ட காலப் பதிவு இருந்ததால்தான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரியவந்தது. 1980களின் இறுதியிலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய அட்சுமு ஓமுராவும், இஸ்ரேலில் ஜெரால்ட் ஸ்டான்ஹிலும் பழைய கதிர்வீச்சுப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது, 1950கள் முதல் தரைக்கு வரும் சூரிய ஒளி பல இடங்களில் குறைந்துகொண்டே வந்திருந்தது. ஸ்டான்ஹில் இதற்கு ‘உலக மங்கல்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். கருவிப் பிழையாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு கருவிகள் ஒரே போக்கைக் காட்டியதால் அந்த ஐயம் தளர்ந்தது. 1980களின் நடுவிலிருந்து ஐரோப்பாவில் புகையும் கந்தகமும் கட்டுப்படுத்தப்பட, ஒளி மீண்டும் கூடியது. 2005இல் மார்ட்டின் வைல்டும் அவருடைய குழுவினரும் அதைக் காட்டினார்கள். இந்தியாவில் அப்படி நடக்கவில்லை. நாட்டின் 20 நிலையங்களில் 1988 முதல் 2018 வரை பதிவான வெயில் நேரத்தை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான பகுதிகளில் அது குறைந்துவந்ததைக் காட்டியது. சரிவு மிகுதியாக இருந்தது வட இந்தியச் சமவெளியில், ஆண்டுக்குச் சுமார் 13 மணி. காற்றில் மிதக்கும் நுண்துகள்களும், அவற்றைப் பற்றிக்கொண்டு மேகங்கள் நீண்ட நேரம் கலையாமல் நிற்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கண்ணுக்கே தெரியாத இந்தச் சரிவை அன்றாடம் அட்டை மாற்றிய பார்வையாளர்களின் பொறுமைதான் வெளிக்கொண்டு வந்தது.

உங்கள் ஊரில் பதிவி இல்லாவிட்டாலும் நிழலை வைத்து எண்ணலாம். மரமும் கட்டடமும் மறைக்காத இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். நம் பகுதியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டிச் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் 18ஐ ஒட்டித்தான் திரும்பும். அந்த மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆகவே வடபக்கமும் திறந்திருக்க வேண்டும். காலை 9, நண்பகல் 12, மாலை 3 என்று நேரத்தை முடிவு செய்து, ஒவ்வொரு முறையும் குச்சியின் நிழல் விளிம்பு தெரிகிறதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். மங்கலான நிழலும் நிழல்தான். ஆண்டு முடியும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகள் சேரும். அவற்றில் எத்தனை சதவீதம் நிழல் என்பதே அந்த மூன்று வேளைகளில் உங்கள் ஊரின் வெயில் சதவீதம். மூன்று வேளையும் நிழல் விழுந்த நாட்கள், ஒன்றிரண்டு வேளை மட்டும் விழுந்தவை, ஒரு வேளையும் விழாதவை என்று மூன்றாகப் பிரித்து எழுதினால், எந்த எல்லையை வைத்து எண்ணினீர்கள் என்று யாரும் உங்களைக் கேட்க வேண்டியிருக்காது. மேகம் வந்தால் நாட்கணக்கில் நிற்கும், ஆகவே ஓர் ஆண்டின் எண்ணை வைத்து ஊரை எடைபோடக் கூடாது. உலக வானிலை அமைப்பு ஓர் இடத்தின் இயல்பைச் சொல்ல 30 ஆண்டுச் சராசரியைக் கேட்கிறது.

முப்பது ஆண்டு என்பது தனி ஒருவருக்குப் பெரிய காலம், பள்ளிக்கூடத்துக்குச் சிறியது. நம் கிராமப் பள்ளிகளின் வெட்டவெளி மைதானங்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை. தேவையானது ஒரு குச்சியும் ஒரு நோட்டும்தான். அறிவியல் ஆசிரியர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பார்க்கும் நேரம், இடம், எது நிழல் என்ற விதி ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். பொறுப்பு கைமாறும்போது அந்தப் பக்கத்தையும் படித்துக் காட்டிக் கொடுங்கள்.